மட்டாஞ்சேரி யூதர் வரலாறும் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும்

1. முன்னுரை

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், அரண்மனையை ஒட்டி அமைந்துள்ள பரதேசி யூதத் தொழுகைக்கூடம் 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அதன் நானூறாம் ஆண்டு நிறைவு 1968இல் கொண்டாடப்பட்டபோது இந்திய அரசு சிறப்பு அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது. யூதர்தம் மரபுப்படி முழுமையான கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆடவர் கூடியிருத்தல் வேண்டும். இன்று அவ்வெண்ணிக்கையை மட்டாஞ்சேரிக் குடும்பங்களைக் கொண்டு நிரப்ப இயலாது. இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் ஏறத்தாழ 2,400 பேராக இருந்த கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேல் நாட்டிற் குடியேறினர். எஞ்சிய பரதேசி யூதரும் அடுத்து வந்த பத்தாண்டுகளில் மெல்ல மெல்லக் குறைந்தனர்.

ஒரு சமுதாயம் தான் வாழ்ந்த ஊரைவிட்டு நீங்கிய பின்னர், அதனைப் பற்றிய அறிவு எங்கே தங்குகிறது என்பது வரலாற்றாய்வில் அடிப்படையான வினா. கட்டடங்களில் ஒரு பகுதி தங்குகிறது. செப்பேடுகளிலும் பாட்டேடுகளிலும் ஒரு பகுதி தங்குகிறது. பெரும்பகுதி அச்சிட்ட நூல்களில் தங்குகிறது. அந்நூல்களை எழுதியோர் யார் என்பது பலராலும் பேசப்பட்டுள்ளது. அவற்றை அச்சிட்டோர் யார், எந்நெறியைப் பின்பற்றி அச்சிட்டனர், அந்நெறி எதனைக் காத்தது, எதனைப் பின்னுக்குத் தள்ளியது என்பன அரிதாகவே ஆராயப்படுகின்றன.

மட்டாஞ்சேரி யூதரைப் பற்றிய குறிப்பிடத்தக்க நூல்கள் சில அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் வெளியிட்டவை. தமிழிலக்கியத்தை ஆங்கிலவழி உலகுக்கு அறிமுகப்படுத்திய நூல்கள் பலவற்றுக்கும் அப்பதிப்பகங்களே தாயகம். எனவே அவற்றின் பணியையும் பங்கையும் மட்டாஞ்சேரியைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். வணிகச் சந்தை தாங்காத அறிவை அப்பதிப்பகங்கள் நிலைபெறச் செய்தன என்பதும், அதே வேளையில் அவ்வறிவுக்கு மூலமாகிய மொழிப்பாடம் அவற்றின் பக்கங்களில் போதிய இடம் பெறவில்லை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

2. பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் தோற்றம்

ஆங்கில நாட்டின் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் அரச உரிமையின் அடியாகத் தோன்றியவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1534இல் எட்டாம் ஹென்றி மன்னரிடமிருந்து அச்சுரிமைப் பட்டயம் பெற்றது. பிற்காலத்தில் விவிலியமும் வழிபாட்டு நூல்களும் அச்சிட்டு ஈட்டிய வருவாய் அங்குக் கல்விசார் நூல்களுக்குத் துணைநின்றது. அமெரிக்கப் பதிப்பகங்களின் தோற்றம் இதனின் வேறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமானியப் பல்கலைக்கழகங்களைப் பின்பற்றி, ஆய்வையே முதன்மைப் பணியாகக் கொண்ட பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் எழுந்தன. ஆய்வு பெருகவே, அதனை வெளியிடும் அமைப்பும் தேவையாயிற்று.

கார்னெல் பல்கலைக்கழகம் 1869இல் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கிற்று. அது 1884இல் நின்றுபோய், 1930இல் மீண்டும் உயிர்பெற்றது. 1878இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகமே இடையறாது இயங்கிவரும் அமெரிக்கப் பதிப்பகங்களுள் மூத்ததாகும். அதன் முதல் வெளியீடு கணித ஆய்விதழ் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அறிவை வளர்ப்பதோடு, வகுப்பறைக்கு வரும் மாணவர்க்கு அப்பாலும் அதனைப் பரப்புவது பல்கலைக்கழகத்தின் கடமை என்பது அதன் முதல் தலைவர் டேனியல் காயிட் கில்மன் கொண்ட கொள்கை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், பதிப்பகத்தைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புகளுள் ஒன்றாகவே தொடக்கத்திலிருந்து கருதினார். கலிபோர்னியா, கொலம்பியா ஆகியவற்றின் பதிப்பகங்கள் 1893இலும், பிரின்ஸ்டன் 1905இலும், யேல் 1908இலும், ஹார்வர்டு 1913இலும் தோன்றின. 1937இல் இவை ஒன்றுகூடிச் சங்கம் ஒன்றை அமைத்தன. பிற நாட்டுப் பதிப்பகங்களும் உறுப்பினராகியமையால் 2017இல் அச்சங்கத்தின் பெயரிலிருந்து ‘அமெரிக்க’ என்னும் அடை நீக்கப்பட்டது.

3. பதிப்பு நெறி

வணிகப் பதிப்பகம் ஒரு கையெழுத்துப்படியைப் பெற்றதும் எத்துணைப் படிகள் விற்கும் என்பதை முதலிற் கணக்கிடும். பல்கலைக்கழகப் பதிப்பகமும் விலையையும் விற்பனையையும் எண்ணிப் பார்க்கும். ஆயினும் அதன் முதல் வினா வேறு. இந்நூல் புதிய அறிவைத் தருகிறதா என்பதே அவ்வினா.

இதற்கு விடை காணும் முறை மூன்று நிலைகளைக் கொண்டது. முதலாவதாக, ஒரு துறையில் நடைபெறும் ஆய்வுகளை அறிந்த பதிப்பாசிரியர் தக்க நூலைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டாவதாக, பல்கலைக்கழகத்திற்கு வெளியேயுள்ள வல்லுநர் இருவரேனும் அதனைப் படித்து எழுத்துவடிவில் மதிப்புரை வழங்குகின்றனர். அவர் யாவர் என்பது பொதுவாக நூலாசிரியருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. நூலாசிரியர் அம்மதிப்புரைகளுக்கு மறுமொழி தந்து திருத்தங்களைச் செய்தல் வேண்டும். மூன்றாவதாக, பேராசிரியர்கள் அடங்கிய குழு ஒன்று மதிப்புரைகளையும் மறுமொழியையும் ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கிறது. இக்குழுவின் இசைவின்றிப் பல்கலைக்கழகத்தின் பெயர் நூலின்மீது பொறிக்கப்படுவதில்லை. அதன் பின்னரே மொழிச் செம்மையாக்கம், அடிக்குறிப்புச் சரிபார்ப்பு, பொருளடைவு ஆகியன நிகழ்கின்றன.

இம்முறை காலம் கொள்வது, பொருட்செலவு மிக்கது. பெரும்பாலான ஆய்வு நூல்கள் சில நூறு படிகளே விற்பனையாகும். அவ்விழப்பைப் பல்கலைக்கழக மானியமும், அறக்கட்டளை நிதியும், பொதுவாசகர்க்கு உரிய சில நூல்களின் வருவாயும் ஈடுசெய்கின்றன. இழப்பை எதிர்பார்த்தே நூலை ஏற்கும் துணிவுதான் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் தனித்தன்மை எனலாம். சில நூறு பேர் வாழ்ந்த ஒரு தெருவைப் பற்றிய ஆய்வு நூலாவதற்கு இத்தகைய துணிவு இன்றியமையாதது.

4. தென்னாசியக் கல்வியின் பின்புலம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அமெரிக்க அரசு ஆசிய மொழிகளில் கருத்துச் செலுத்தியது. 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பல்கலைக்கழகங்களில் அயல்மொழி மையங்களுக்கு நிதி வழங்கியது. சிகாகோ, பென்சில்வேனியா, கலிபோர்னியா, விஸ்கான்சின் முதலிய பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கப்பட்டது. இந்தியா அமெரிக்கக் கோதுமைக்கு ரூபாயாகச் செலுத்திய தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு, இந்திய மொழிகளில் வெளியாகும் நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பும் திட்டம் 1960களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அவ்வகையில் தமிழ் நூல்கள் பல கடல் கடந்தன.

இச்சட்டமும் திட்டமும் வல்லரசுப் போட்டியின் விளைவுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் பயன் அவற்றை வகுத்தோரின் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. நூலகம் ஆய்வாளரை உருவாக்கிற்று. ஆய்வாளர் நூலை எழுதினர். அந்நூலைப் பதிப்பகம் ஏற்றது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தமையே அமெரிக்கப் பதிப்பகங்களின் தென்னாசிய வெளியீடுகளுக்கு அடித்தளம் ஆகும்.

5. கொச்சியில் அச்சான தமிழ்

கொச்சிக்கும் தமிழ் அச்சுக்கும் உள்ள தொடர்பு, மட்டாஞ்சேரியைப் பற்றிய பிற நூல்களைக் காண்பதற்கு முன்னர் எண்ணத்தக்கது. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. முன்னது பதினாறு பக்கங்களே கொண்டது. பின்னது வினாவிடையாக அமைந்த விரிந்த நூல். இந்திய மொழிகளின் எழுத்துக்களால் அச்சான முதல் நூல்கள் இவை. கொச்சியில் தமிழ் நூல் அச்சானது பரதேசி தொழுகைக்கூடம் எழுந்த பதினோராம் ஆண்டில் என்பது குறிப்பிடத்தக்கது.

‘தம்பிரான் வணக்கம்’ நூற்படி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்தது. அதனை ஆராய்ந்து ஜார்ஜ் ஷுர்ஹாம்மர், ஜி. டபிள்யூ. காட்ரெல் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை 1952இல் ஹார்வர்டு நூலகத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. தமிழ் அச்சு வரலாற்றாய்வில் அக்கட்டுரை ஒரு திருப்பம். பதினாறு பக்கச் சிறுநூல் ஒன்றைப் பற்றிய கட்டுரையை வெளியிட எந்த வணிக இதழும் முன்வந்திராது. பல்கலைக்கழகச் சார்புடைய வெளியீடு எதற்குப் பயன்படும் என்பதற்கு இஃது எளிய சான்றாகும்.

6. மட்டாஞ்சேரி குறித்த நூல்கள்

கொச்சி யூதரைப் பற்றிய தற்கால மானிடவியல் ஆய்வைத் தொடங்கியவருள் முதன்மையானவர் டேவிட் மாண்டல்பாம். அவர் 1937இல் கொச்சியில் களப்பணி செய்து, 1939இல் அவ்யூதரின் வாழ்க்கைமுறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பின்னர் அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற் பேராசிரியரானார். இந்தியச் சமுதாயம் குறித்து அவர் எழுதிய இருதொகுதி நூலை அப்பல்கலைக்கழகப் பதிப்பகமே 1970இல் வெளியிட்டது. மட்டாஞ்சேரித் தெரு ஒன்றில் தொடங்கிய பார்வை இந்தியச் சாதியமைப்பு முழுமையையும் தழுவியதாக வளர்ந்தது.

1993இல் தென் கரோலினாப் பல்கலைக்கழகப் பதிப்பகம், நேதன் காட்ஸ், எல்லென் கோல்ட்பெர்க் ஆகியோர் எழுதிய ‘கொச்சியின் கடைசி யூதர்’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டது. அப்பதிப்பகம் 1944இல் தொடங்கப்பெற்றது. தன் மாநிலத்தின் வரலாற்றை முதன்மையாக வெளியிடும் நடுத்தர அளவினது. அத்தகைய பதிப்பகம் அரபிக்கடற்கரைத் தெரு ஒன்றைப் பற்றிய நூலை ஏற்றமைக்கு மேற்கூறிய மதிப்பீட்டு நெறியே வழிவகுத்தது எனலாம். கொச்சி யூதர் இந்துச் சமுதாயத்தின் நடுவே தம் அடையாளத்தை எவ்வாறு காத்தனர் என்பதே நூலின் மையவினா. அரண்மனையும் பகவதி கோயிலும் அருகிருக்க வாழ்ந்த அவர்கள், யூத நெறியை மீறாமலே கேரளத்து உயர்குடியினரின் தூய்மை, பெருமை ஆகிய குறியீடுகளைத் தம் பண்டிகைகளில் ஏற்றுக்கொண்டனர் என்பது அந்நூலாசிரியர்தம் முடிபு. பாஸ்கா பண்டிகைக்கு முன்னர் வீடுகளில் மேற்கொள்ளப்பட்ட மிகக் கடுமையான தூய்மை முறை இதற்கு முதன்மைச் சான்றாகிறது. 2000இல் காட்ஸ் எழுதிய இந்திய யூதர் பற்றிய நூலைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அது கொச்சி யூதரை பெனே இஸ்ரேல், பாக்தாதி யூதர் ஆகியோரோடு ஒப்பிட்டு நோக்குகிறது.

இந்நூல்கள் சமுதாயத்தின் உட்பிளவையும் மறைக்கவில்லை. பரதேசி யூதர், மலபார் யூதர் என்னும் வேறுபாட்டோடு, பரதேசி தொழுகைக்கூடத்திற்குள்ளேயே விடுவிக்கப்பெற்ற அடிமைகளின் வழியினர் ஒதுக்கப்பட்டனர். அவர்கள் முன்கூடத்தில் மட்டுமே அமரலாம் என்ற நிலை இருந்தது. இதனை எதிர்த்து, வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சேலம் காந்தியடிகள் காட்டிய அறவழியில் போராடினார். ஆயினும் ஆய்வாளரின் பார்வையில் எழுதப்பட்ட நூலில் ஒதுக்கப்பட்டோரின் குரல் மேற்கோளாகவே ஒலிக்கும். அக்குரல் தன்மையிடத்தில் ஒலித்த நூல், மட்டாஞ்சேரியிற் பிறந்த ரூபி டேனியல் பார்பரா ஜான்சனுடன் இணைந்து எழுதிய நினைவுநூலாகும். அதனை 1995இல் வெளியிட்டது பல்கலைக்கழகப் பதிப்பகமன்று. 1888இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பெற்ற, இலாப நோக்கற்ற யூத வெளியீட்டுக் கழகம். 2012 முதல் அக்கழகத்தின் நூல்கள் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாக வெளிவருகின்றன. சமூக நிறுவனம் தேர்ந்தெடுத்த நூலைப் பல்கலைக்கழகப் பதிப்பகம் தொடர்ந்து கிடைக்கச் செய்யும் இவ்விணைவு, தனியொரு பதிப்பகத்தால் எல்லாக் குரல்களையும் தேடிக் காண இயலாது என்பதையும் உணர்த்துகிறது.

7. செப்பேட்டின் மொழி

மட்டாஞ்சேரி யூதர் பொன்னெனக் காத்த ஆவணம், சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஈசுப்பு இறப்பான் என்பவனுக்கு வழங்கிய செப்பேடு. மன்னன் முயிரிக்கோட்டில் இருந்தருளிய நாளில் வழங்கியதாக அது கூறுகிறது. இதன் காலம் கி.பி. 1000 என எம்.ஜி.எஸ். நாராயணன் கணித்துள்ளார். வட்டெழுத்தில், கிரந்த எழுத்துக்கள் விரவப் பொறிக்கப்பட்ட இதன் மொழியை மலைநாட்டுத் தமிழ் என்பாரும் பழைய மலையாளம் என்பாரும் உளர். பகல்விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, வடுகப்பறை, காளம், தோரணம் முதலிய சிறப்புரிமைகளோடு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு வீடுபேறுகளும் அவனுக்கு அளிக்கப்படுகின்றன. அவ்வுரிமைகள் மக்களுக்கும் மருமக்களுக்கும் வழிவழியாகச் செல்லும் என்பதும் கூறப்படுகிறது. இச்சொற்கள் தமிழ்க் கல்வெட்டுக்களைப் பயின்றோர்க்குப் புதியன அல்ல.

இவற்றுள் வரலாறு முழுமையையும் தாங்கி நிற்பது ‘அஞ்சுவண்ணம்’ என்னும் ஒரு சொல். கொச்சி யூதரின் மரபுவழக்கு, செப்பேடு ஓர் அரசுரிமையையே வழங்கியதாகக் கொள்ளும். அவ்வழக்கில் இறப்பான் சிறுநாடு ஒன்றன் தலைவனாகிறான். ஆனால் இதே சொல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் மணிக்கிராமத்தோடு சேர்ந்து வருகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரைக் கல்வெட்டிலும், உரையாசிரியர் எடுத்துக்காட்டும் பல்சந்தமாலையிலும் பயில்கிறது. இவ்விடங்களை ஒருங்குவைத்து நோக்கின், மேற்காசியாவிலிருந்து வந்த வணிகரின் குழுப்பெயராகவே அது தோன்றும். பல்சந்தமாலை இசுலாமியரைச் சுட்டுதலின், அப்பெயர் யூதர்க்கு மட்டும் உரியதன்று என்பதும் போதரும். அங்ஙனமாயின் இறப்பான் பெற்றது நாடு அன்று. வணிகத் தலைமையும் அதற்குரிய சிறப்புக்களுமே. ஒரு சொல்லைத் தமிழ்ச் சான்றுகளோடு படிப்பதும் படியாமையும் ஒரு சமுதாயத்தின் வரலாற்றையே மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இச்செப்பேட்டின் மூலபாடத்தைப் படித்து விளக்கும் பணியில் முதன்மையான படிகள் அமெரிக்கப் பதிப்பகங்களுக்கு வெளியே நிகழ்ந்தன. ஹெர்மன் குண்டர்ட் 1844இல் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் ஆய்விதழில் இதனை விளக்கினார். ஹுல்ட்ஸ் ‘எபிகிராபியா இண்டிகா’ மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். எம்.ஜி.எஸ். நாராயணனின் ஆய்வு 1972இல் திருவனந்தபுரத்தில் கேரள வரலாற்றுக் கழகத்தால் வெளியிடப்பட்டது. அமெரிக்கப் பதிப்பக நூல்கள் இவ்வாய்வுகளின் பயனை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழிப் பெற்றன. யூதவியல், மானிடவியல், சமயவியல் ஆகிய துறைகளின் நூல்களாக அவை மதிப்பிடப்பட்டமையால், வட்டெழுத்துப் பாடம் அவற்றின் மைய ஆய்வுப்பொருள் ஆகவில்லை. நூல் எத்துறையின் பெயரால் மதிப்பிடப்படுகிறதோ அத்துறையின் வினாக்களே அதில் கூர்மை பெறும். மதிப்பீட்டு நெறியின் வலிமையும் எல்லையும் இங்கு ஒருங்கே புலனாகின்றன.

8. பாட்டேடுகள்

இந்நிலை கொச்சி யூதப் பெண்டிர் பாடிய மலையாளப் பாடல்களுக்கும் பொருந்தும். திருமணத்திலும் பண்டிகையிலும் பாடப்பட்ட அப்பாடல்களைப் பெண்கள் தம் கையேடுகளில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். குடிபெயர்ந்தபோது அவ்வேடுகளும் உடன் சென்றன. பார்பரா ஜான்சன் முதலியோர் அவற்றைத் தேடித் தொகுத்தனர். மலையாளப் பேராசிரியர் ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்த ‘கார்குழலி’ என்னும் தொகுப்பு, மலையாள மூலமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக 2005இல் ஜெருசலேமின் பென்-ஸ்வி நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. கேரள யூதரைப் பற்றிய பி.எம். ஜூசேயின் நூலைக் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழக வெளியீட்டுத்துறை அதே ஆண்டில் வெளியிட்டது. சமுதாயத்தின் வரலாறும் சடங்கும் அமெரிக்காவில் ஆங்கில நூல்களாயின. அதன் பாட்டும் மூலமொழியும் அம்மொழியை அறிந்தோர் வாழும் இடங்களில் அச்சாயின. மூலத்தைப் பதிப்பிக்கும் கடமை அம்மூலத்தின் மொழியை உடையோரையே இறுதியில் வந்தடைகிறது என்பது இதனாற் பெறப்படும்.

9. தமிழ் நூல்கள் காட்டும் உண்மை

மட்டாஞ்சேரியிற் கண்ட இவ்வமைப்புத் தமிழிலக்கிய வெளியீடுகளிலும் காணப்படுகிறது. ஏ.கே. ராமானுஜனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பை இந்தியானாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1967இல் வெளியிட்டது. ஜார்ஜ் ஹார்ட்டின் சங்க இலக்கிய ஆய்வு 1975இல் கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்தது. ராமானுஜனின் நம்மாழ்வார் மொழிபெயர்ப்பைப் பிரின்ஸ்டன் 1981இல் வெளியிட்டது. ஆர். பார்த்தசாரதியின் சிலப்பதிகாரமும் (1993), ஹார்ட், ஹேங்க் ஹைஃபட்ஸ் இருவரின் புறநானூறும் (1999) கொலம்பியாவின் ஆசியச் செவ்வியல் மொழிபெயர்ப்பு வரிசையில் வந்தன. வஞ்சிக்காண்டத்தின் சேரநாடும், யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட முசிறியும் மட்டாஞ்சேரி வரலாற்றின் முன்னுரையே ஆதலின், இந்நூல்கள் கொச்சிக்கும் அயலானவை அல்ல.

இவ்வரிசை நூல்கள் ஆங்கில வாசகரை நோக்கியவை. மூலப்பாடம் முழுமையாக உடன் அச்சிடப்பெறாதவை. இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஐராவதம் மகாதேவனின் தொல்தமிழ்க் கல்வெட்டியல் நூல். 2003இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையின் 62ஆம் தொகுதியாக, சென்னை க்ரியா பதிப்பகமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இணைந்து அதனை வெளியிட்டன. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களோடு தொடக்ககால வட்டெழுத்துக் கல்வெட்டுக்களும் அதில் படங்களுடனும் பாடங்களுடனும் சொல்லடைவுகளுடனும் தரப்பட்டுள்ளன. மட்டாஞ்சேரிச் செப்பேட்டின் எழுத்து எங்கிருந்து வந்தது என்பதை அறிய விழைவோர் அந்நூலையே நாடுவர். சென்னையின் பதிப்பறிவும் ஹார்வர்டின் வரிசைப் பெருமையும் கூடியபோது மூலமும் ஆய்வும் ஒரே நூலில் அமைந்தன.

ரோகன் மூர்த்தி 2010இல் வழங்கிய 52 இலட்சம் டாலர் கொடையால் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் தொடங்கிய இந்தியச் செவ்வியல் நூல்வரிசையும் இந்நோக்கில் கருதத்தக்கது. 2015இல் வெளிவரத் தொடங்கிய அவ்வரிசையில் மூலம் அதற்குரிய எழுத்திலும் மொழிபெயர்ப்பு எதிர்ப்பக்கத்திலும் அச்சிடப்படுகின்றன. முதலில் வந்த ஐந்து தொகுதிகளில் பஞ்சாபி, பாலி, பிரஜ், தெலுங்கு, பாரசீகம் ஆகியன இடம்பெற்றன, தமிழ் இடம்பெறவில்லை. மொழிபெயர்ப்பாளரும் மூலத்தைச் செம்மையாக்கித் தருவோரும் தமிழுலகிலிருந்து முன்வரும் அளவிற்கே இத்தகைய வரிசைகளில் தமிழ் பெருகும்.

10. நலிவும் படிப்பினையும்

அமெரிக்கப் பதிப்பகங்களின் நிலை என்றும் உறுதியானதன்று. ரைஸ் பல்கலைக்கழகம் 1996இல் தன் பதிப்பகத்தை மூடி, 2006இல் மின்பதிப்பகமாகத் திறந்து, 2010இல் மீண்டும் மூடியது. 2012இல் மிசௌரிப் பல்கலைக்கழகம் தன் பதிப்பகத்தை மூடுவதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்தபின் முடிவை மாற்றியது. செல்வ வளம் மிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலேயே 2019இல் பதிப்பக மானியத்தை நிறுத்தும் முயற்சி எழுந்து, ஆசிரியர்களின் எதிர்ப்பால் தளர்ந்தது. வருவாய் ஈட்டாத துறை என்னும் ஒரே அளவுகோல் கொண்டு அளக்கும்போது பதிப்பகமே முதலில் வெட்டுக்கு உள்ளாகிறது.

இதற்கு மாற்றாகச் சில முயற்சிகள் தோன்றியுள்ளன. சிகாகோ, கொலம்பியா, கலிபோர்னியா ஆகிய மூன்று பதிப்பகங்கள் மெலன் அறக்கட்டளையின் உதவியோடு தென்னாசிய ஆய்வுக்கெனக் கூட்டு வரிசை ஒன்றைத் தொடங்கின. தமிழ், மலாய், ஜாவானிய மொழிகளில் வழங்கும் ஆயிரமசலாவை ஒப்பிட்டு ரோனித் ரிச்சி எழுதிய நூல் 2011இல் அவ்வரிசையில் சிகாகோவிலிருந்து வெளிவந்தது. யூதத் தலைவர் ஒருவர் நபிகள் நாயகத்திடம் வினவிய வினாக்களாக அமைந்த அக்கதை, இந்துமாக்கடற் கரைகளில் சமயங்களும் மொழிகளும் கலந்த வகையைக் காட்டுவது. கலிபோர்னியாப் பதிப்பகம் 2015 முதல் சில ஆய்வு நூல்களை எவரும் கட்டணமின்றிப் படிக்கும் வகையில் வெளியிட்டு வருகிறது. விலையால் தடுக்கப்பட்ட இந்திய மாணவர்க்கு இது பெரும்பயன் அளிப்பதாகும்.

தமிழ்ச் சூழலிலும் இம்மரபு புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி வணிகச் சந்தையை எண்ணிச் செய்யப்பட்டதன்று. மலேயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறை 1966இல் அந்தாவோ தெ புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை நிழற்பதிப்பாக வெளியிட்டது. அவ்வகராதி அச்சானது கொச்சி நாட்டை அடுத்த அம்பலக்காட்டில். தனிநாயக அடிகள் உரோமையில் கண்டெடுத்த அப்படி, கோலாலம்பூரின் பல்கலைக்கழகத் துறையொன்றால் தமிழுலகுக்கு மீண்டது. பொருள்வளத்தினும் நெறியும் மனத்திட்பமும் முதன்மையானவை என்பதை இவை உணர்த்துகின்றன.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துக்கள் பெறப்படுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள், வெளிமதிப்பீடு, பேராசிரியர் குழுவின் ஒப்புதல், இழப்பை ஏற்கும் நிதியமைப்பு ஆகிய மூன்றாலும் சிறுபான்மைச் சமுதாயங்களின் வரலாற்றை உலக ஆய்வுக்குள் கொண்டுவந்தன. மட்டாஞ்சேரி யூதர் வரலாறு அதற்குச் சிறந்த சான்று. அப்பதிப்பகங்களின் நூல்களில் துறைசார்ந்த வினாக்கள் முன்னிற்க, செப்பேட்டின் தமிழும் பாட்டின் மலையாளமும் பின்னின்றன. அக்குறையை நிறைவு செய்தவை திருவனந்தபுரம், ஜெருசலேம், கோழிக்கோடு முதலிய இடங்களின் வெளியீடுகளே.

எனவே மட்டாஞ்சேரிச் செப்பேட்டிற்குத் தெளிவான ஒளிப்படம், வட்டெழுத்துப் பாடம், தமிழ் வடிவம், மலையாள வடிவம், சொல்லடைவு, அஞ்சுவண்ணம் முதலிய சொற்களுக்குத் தமிழ்க் கல்வெட்டு ஒப்புமை ஆகியவற்றைக் கொண்ட செம்பதிப்பு ஒன்றைத் தமிழ்த்துறையும் மலையாளத்துறையும் இணைந்து உருவாக்குதல் இன்றியமையாதது. அதனை வெளித்துறை வல்லுநர் மதிப்பிட்டுத் திருத்தியபின் பல்கலைக்கழகமே வெளியிடுதல் வேண்டும். தொழுகைக்கூடத்தில் ஓதுவார் குறைந்தமையை நூல்களால் ஈடுசெய்ய இயலாது. எனினும் அச்சமுதாயம் ஆயிரம் ஆண்டுகள் காத்துவந்த ஓர் ஏட்டை, அது எழுதப்பட்ட மொழியிலேயே படிக்கும் வாய்ப்பை வருங்காலத்தார்க்கு விட்டுச்செல்ல இயலும். பல்கலைக்கழகப் பதிப்பின் பயன் அதுவே.